ஹெட்லைட்டுக்கு மை தீட்டிய கதை

"மாமா, உங்க காருக்குக் கண்புரை வந்துடுச்சு."

தங்கை மகன் இதைச் சொன்னபோது சிரித்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துக் கோபம் வந்தது, ஏனென்றால் அவன் சொன்னது உண்மை. 11 வயதுக் கார். பெயின்ட் இன்னும் மினுங்குகிறது, எஞ்சின் சொன்ன பேச்சைக் கேட்கிறது. ஆனால் எதிரே நின்று பார்த்தால் இரண்டு ஹெட்லைட்டும் பனி மூடியதுபோல வெளுத்து, மேல் ஓரத்தில் மஞ்சள் பூத்து, நடக்க முடியாத கிழவரைப்போல முழிக்கின்றன. முகத்தில் கண் மட்டும் போனால் ஆளே போன மாதிரிதான்.

அந்த ஒரு வாக்கியத்தில் ஆரம்பித்த வேலை எட்டு மாதம் இழுத்தது. நான் மெக்கானிக் இல்லை. கையில் திருப்புளி கொடுத்தால் எதையாவது கழற்றிப் பார்க்கத் தோன்றும், அவ்வளவுதான் தகுதி. ஹெட்லைட்டின் தோற்றத்தை வீட்டிலேயே மாற்றுவது பற்றி எழுதச் சொல்லிச் சிலர் கேட்டதால் எழுதுகிறேன். நான் செய்த தப்புகளைத்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

முதலில் அந்தப் புரை. நாம் கண்ணாடி என்று சொல்லிக்கொண்டிருக்கும் முன்மூடி, இன்றைய கார்களில் கண்ணாடியே இல்லை. பாலிகார்பனேட் என்கிற பிளாஸ்டிக். கல் தெறித்தால் சுலபத்தில் உடையாது, எடை குறைவு, எந்த வளைவுக்கும் அச்சில் வார்க்கலாம். ஆனால் சீக்கிரம் கீறும், வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சளாகும். அதனால்தான் தொழிற்சாலையிலேயே அதன்மேல் மெல்லிய கடினப் பூச்சு ஒன்றை ஏற்றி அனுப்புகிறார்கள். வருடக்கணக்கான வெயிலில் முதலில் அந்தப் பூச்சுதான் சாகிறது. செத்த பூச்சு திட்டுத்திட்டாக உரிவதைத்தான் நாம் புரை என்கிறோம்.

எடுப்பது கஷ்டமில்லை, பொறுமைதான் வேண்டும். சுற்றியுள்ள பெயின்ட்டுக்கு மாஸ்கிங் டேப் இரண்டு அடுக்கு ஒட்டிவிட்டு, தண்ணீர் தெளித்தபடி 800 எண் உப்புத்தாளில் ஆரம்பித்தேன். தேய்க்கத் தேய்க்க மஞ்சளாக ஒரு கரைசல் வழியும். அது வெள்ளையாக மாறும்வரை நிறுத்தக் கூடாது. வெள்ளையானால் பழைய பூச்சு போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் 1000, 1500, 2000, 3000. முதல் தாள் முடிந்ததும் விளக்கு முன்பைவிடக் கேவலமாக இருக்கும். அந்த நேரத்தில்தான் பலர் பயந்துபோய்ப் பாதியில் விடுகிறார்கள். நானும் ஒரு நிமிடம் கை நடுங்க நின்றேன். கடைசியில் பாலிஷ் போட்டுத் துடைத்ததும் உள்ளே இருக்கும் பல்பு வரை பளிச்சென்று தெரிந்தது. பல் துலக்கும் பேஸ்ட் போட்டுத் தேய்த்தாலே போதும் என்று ஒரு வைத்தியம் உலவுகிறது. அதிலும் நுண்ணிய தேய்பொருள் இருப்பதால் கொஞ்சம் வேலை செய்யும்தான். ஆனால் அது முகத்தைக் கழுவிக்கொள்வது மாதிரி, புரையை எடுப்பது மாதிரி இல்லை.

இங்கே என் முதல் தப்பு. பளபளப்பைப் பார்த்த மகிழ்ச்சியில் அத்தோடு நிறுத்திவிட்டேன். வெயிலுக்குப் பிடித்திருந்த குடையைப் பிடுங்கிவிட்டு வேறு குடை கொடுக்காமல் நிற்க வைத்தால் என்ன ஆகும்? ஐந்தே மாதத்தில் மஞ்சள் திரும்பி வந்தது, முன்பைவிட வேகமாக. தேய்த்த பிறகு புற ஊதாவைத் தடுக்கும் ஏதாவது ஒன்று மேலே இருந்தே ஆகவேண்டும். இரண்டு கலவையைச் சேர்த்து அடிக்கும் கிளியர் கோட் என்கிற நிறமில்லாத பூச்சுதான் நன்றாக உழைக்கும். ஆனால் அதன் கெட்டியாக்கியில் ஐசோசயனேட் என்கிற ரசாயனம் இருக்கிறது. நுரையீரலுக்கு ஆகாது, சாதாரணத் துணி முகமூடி அதைத் தடுக்காது. ஆவியை உறிஞ்சும் வடிகட்டி வைத்த முகமூடி இல்லாமல், மூடிய கார் நிறுத்துமிடத்தில் அதை அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். நான் இரண்டாம் முறை தேய்த்துவிட்டு, பெயின்ட்டுக்கு ஒட்டும் நிறமில்லாத பாதுகாப்புப் படலத்தை வெட்டி ஒட்டினேன். கெட்டுப்போனால் உரித்துவிட்டு வேறு ஒட்டலாம். இன்னொரு விஷயம்: துடைக்கிறேன் பேர்வழி என்று தின்னரோ அசிட்டோனோ தொடவே தொடாதீர்கள். பாலிகார்பனேட் அந்த இடத்திலேயே வெளுத்து, மயிரிழை மாதிரி விரிசல் விடும்.

தெளிந்த பிறகுதான் வினை ஆரம்பித்தது. மூடி மங்கலாக இருந்தவரை உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குக் கவலை? தெளிந்ததும் உள்ளேயிருந்த குரோம் பூச்சு பழைய தகரம்போலத் தெரிந்தது. "உள்ளே கறுப்பு அடிச்சா சூப்பரா இருக்கும் மாமா" என்றான் மருமகன். அவன் கைபேசியில் படங்கள் வேறு தயாராக இருந்தன.

கார்களுக்கு முகம் என்று ஒன்று வந்ததே கொஞ்சம் பிற்பாடுதான். அமெரிக்காவில் 1940 முதல் எல்லாக் கார்களுக்கும் 7 அங்குல வட்ட விளக்கு, அதுவும் முழுக்க மூடி முத்திரையிட்டது, என்று கட்டாயமாக்கியிருந்தார்கள். 1950களின் கடைசியில் சின்ன வட்டம் நான்கு, 1970களின் நடுவில் செவ்வகம் என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார்கள். பல்பை மட்டும் தனியாக மாற்றக்கூடிய, காரின் வடிவத்தோடு இழைந்த விளக்கு அங்கே வந்தது 1984 மாடல் லிங்கன் மார்க் 7 காரில்தான். அதுவரை விளக்கு என்பது கடையில் வாங்கிப் பொருத்தும் ஒரு சாமான். அதற்கப்புறம்தான் அது கண்ணாக மாறியது. 2000-இல் பிஎம்டபிள்யூ தன் 5 சீரிஸ் காரின் விளக்குகளுக்குள் ஒளி வளையங்களை வைத்ததும், உலகம் முழுக்க வீட்டு வாசல்களில் ஹெட்லைட்டைப் பிரிக்கும் வேலை சூடுபிடித்தது. 'ஏஞ்சல் ஐ' என்ற பெயர் அந்த வளையத்துக்கு வந்து ஒட்டிக்கொண்டது. என் மருமகன் அப்போது பிறந்திருக்கவில்லை. ஆனால் அந்த வளையத்தைத் தன் தலைமுறை கண்டுபிடித்தது போலப் பேசுவான்.

சரி, பிரிப்பது எப்படி?

ஹெட்லைட் என்பது ஒரு பெட்டி. பின்பக்கம் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் உடல், முன்பக்கம் பாலிகார்பனேட் மூடி. இரண்டும் சேரும் இடத்தில் ஒரு வாய்க்கால், அதில் பசை. உள்ளே ஒளியைத் திருப்பும் ரிஃப்ளெக்டர், அல்லது அதை லென்ஸ் வழியாக அனுப்பும் புரொஜெக்டர். அதைச் சுற்றி அலங்காரத்துக்கென்று ஒரு சட்டம், பெசல் என்பார்கள். தோற்றம் என்று நாம் சொல்வதில் முக்கால்வாசி அந்தப் பெசல்தான். அது வெளிச்சத்துக்கு எதுவும் செய்வதில்லை. கண்ணைச் சுற்றி மை தீட்டுவது என்றால் தீட்ட வேண்டிய இடம் அதுதான்.

பசையில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று பியூட்டைல், கறுப்பாக, சூயிங் கம் மாதிரி இழுபடும், சூட்டில் இளகும். இன்னொன்று இறுகிப்போகும் வகை. எவ்வளவு சுட்டாலும் இளகாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். உங்கள் விளக்கில் இருப்பது இரண்டாம் ஜாதி என்று தெரிந்தால் அங்கேயே கும்பிடு போட்டுவிடுங்கள். வெட்டப் போனால் மூடி விரியும், அல்லது விரல் போகும்.

நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம், முதலில் என் விளக்கைத் தொடாமல், அடிபட்ட வேறொரு காரிலிருந்து கழற்றிய பழைய விளக்கு ஒன்றை வாங்கி அதில் பழகியது. பல்பு, ரப்பர் மூடிகள், பின்பக்கத் திருகுகள், உலோகக் கிளிப்புகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய மின் அடுப்புக்குள், கம்பியில் படாமல் மரப்பலகை மேல் வைத்தேன். இனி அந்த அடுப்பு இந்த வேலைக்கு மட்டும்தான் என்று வீட்டில் எழுதிக் கொடுக்காத குறை. வெப்பம் 100 டிகிரி செல்சியஸை ஒட்டி, 8 முதல் 10 நிமிடம். பாலிகார்பனேட் 147 டிகிரி வாக்கில் இளக ஆரம்பிக்கும், பாலிபுரொப்பிலீன் 160 பக்கம் உருகும். அதனால் கணக்குக்கு இடம் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் அடுப்பின் சூட்டுக் கம்பிக்கு அருகில் இருக்கும் மூலைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே கண்ணெதிரே விளக்கு வளைந்துவிடும். கதவருகே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வெளியே எடுத்ததும் நேரம் ஓட ஆரம்பிக்கும். கனமான கையுறை, ஒரு தட்டைத் திருப்புளி. ஒரு மூலையில் லேசாக நெம்பினால் பசை நூல் நூலாக இழுபடும். அவசரப்பட்டு இழுத்தால் மூடியின் கொக்கி உடையும். இரண்டு நிமிடத்தில் பசை மறுபடி இறுகிவிடும், மறுபடி அடுப்பு. மூன்று முறை உள்ளே வெளியே போன பிறகு 'ப்ளக்' என்று ஒரு சத்தத்தோடு மூடி கையோடு வந்தது. அந்தச் சத்தத்துக்காகவே இன்னொரு விளக்கைப் பிரிக்கலாம்.

அதற்கு அடுத்த நிமிடம் நான் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ரிஃப்ளெக்டரில் ஒரு தூசி இருந்தது. விரலால் தட்டினேன். விரல் ரேகை பதிந்தது. துணியால் துடைத்தேன். துடைத்த இடத்தில் வெள்ளிப் பளபளப்பே போய், அடியிலிருந்த சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பல்லைக் காட்டியது. அந்தப் பளபளப்பு என்பது வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த அலுமினியம். ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிமன். அதைத் துடைக்க முடியாது, பாலிஷ் போட முடியாது, வெள்ளிப் பெயின்ட் அடித்து ஏமாற்றவும் முடியாது. தூசி இருந்தால் காற்று ஊதலாம். போகாவிட்டால் அது அங்கேயே குடியிருக்கட்டும். பழகிய விளக்கில் இது நடந்ததால் பிழைத்தேன்.

உண்மையான விளக்குகளை ஒரு சனிக்கிழமை பம்பரைக் கழற்றி வெளியே எடுத்தோம். பெசல் தனியாகக் கழன்று வந்ததும் பாதி உயிர் வந்தது, ஏனென்றால் பெயின்ட் அடிக்கும் இடத்தில் ரிஃப்ளெக்டரே இல்லை. குரோமின் வழவழப்பில் பெயின்ட் நிற்காது. 600 எண் தாளில் மட்டமாகத் தேய்த்து, பிளாஸ்டிக்குக்கான பிரைமர், அதன்மேல் சூடு தாங்கும் மங்கல் கறுப்பு. மூன்று மெல்லிய பூச்சு. பளபளக்கும் கறுப்பு வேண்டும் என்று மருமகன் அடம்பிடித்தான். பளபளப்பு வெளிச்சத்தைக் கண்ட இடத்தில் சிதறடிக்கும், மங்கல்தான் வேண்டும் என்று நான் சொன்னேன். பெரியவன் என்கிற ஒரே காரணத்தால் ஜெயித்தேன்.

ஜெயித்தவனுக்கு அடுத்த அடி. ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் கார் ஓட வேண்டும் என்கிற அவசரத்தில், தொட்டால் காய்ந்த மாதிரி இருந்த பெசலை உள்ளே வைத்து மூடிவிட்டேன். இரண்டு வாரத்தில் மூடியின் உள்பக்கம் புகை படிந்ததுபோல ஒரு படலம். ஹாலஜன் பல்பின் சூட்டில், முழுதாகக் காயாத பெயின்ட் ஆவி விட்டு, குளிர்ந்த மூடியில் போய்ப் படிந்திருக்கிறது. வெளியே எடுத்த புரையை உள்ளே வைத்துத் தைத்துவிட்டேன்! திரும்ப அடுப்பு, திரும்பத் திருப்புளி, திரும்ப அந்தச் சத்தம். இந்த முறை பெசலை ஒரு வாரம் வெயிலில் போட்டு, வாசனை சுத்தமாகப் போன பிறகுதான் மூடினேன். மூக்குதான் இதற்கு நல்ல கருவி.

வெயிலில் போட்டது பற்றி ஒரு குறிப்பு. புரொஜெக்டர் வைத்த விளக்கை மூடியில்லாமல் வெயிலைப் பார்த்து வைக்காதீர்கள். முன்னால் இருக்கும் அந்தக் குண்டு லென்ஸ் பூதக்கண்ணாடிதான். உள்ளிருக்கும் வெளிச்சத்தை வெளியே அனுப்புவதுபோல, வெளியிலுள்ள சூரியனை உள்ளே ஒரு புள்ளியில் குவித்து எதையாவது பொசுக்கிவிடும்.

வளையம் வைத்த கதை சின்னது. எல்ஈடி வளையம், அதன் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு சின்னப் பெட்டி, ஃபியூஸ், ரிலே. ஹெட்லைட் வயரையே உரித்து முறுக்கி ஒட்டுபவர்கள் இருக்கிறார்கள், வேண்டாம். ஃபியூஸ் பெட்டியிலிருந்து தனியாக ஒரு இணைப்பு எடுத்து, சாவி போட்டால் எரிந்து அணைத்தால் அணையும்படி வைத்தேன். வெள்ளை நிறம் மட்டும்.

ஏன் வெள்ளை மட்டும் என்றால், அங்கேதான் வீட்டில் சண்டை. படங்களில் பார்த்த சிவப்புக் கண் மருமகனுக்கு வேண்டும். புரொஜெக்டருக்குள் சிவப்பு எல்ஈடி வைத்துப் பேய் மாதிரி முழிக்க வைப்பது. "ராத்திரி எதிரே சிவப்பு தெரிஞ்சா நீ என்ன நினைப்பே?" என்று கேட்டேன். "முன்னாடி ஒரு வண்டி போகுதுன்னு நினைப்பேன்" என்றான். சொல்லிவிட்டு அவனே கொஞ்ச நேரம் பேசவில்லை. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு என்பது இருட்டில் ஒரு வண்டி வருகிறதா போகிறதா என்று சொல்லும் மொழி. 1968-இல் எழுதிய வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையே முன்பக்கம் சிவப்பைக் காட்டக் கூடாது என்கிறது.

கறுப்புப் படலம் ஒட்டுவதையும் இதே கணக்கில் வைக்கிறேன். பகலில் பார்க்க மிரட்டலாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முப்பது சதவீத வெளிச்சத்தைத் தடுக்கும் படலம் ஒட்டினால் இரவில் அந்த முப்பதை எங்கேபோய்க் கேட்பது? கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவது என்று சும்மாவா சொன்னார்கள். மஞ்சள் படலத்துக்கு மட்டும் என் மனதில் ஒரு ஓரத்தில் இடம் உண்டு. பிரான்ஸில் 1930களின் பின்பாதியிலிருந்து 1993 வரை கார்களுக்கு மஞ்சள் ஹெட்லைட்தான் சட்டம். அந்தக் காலப் படங்களில் அந்தத் தெருக்கள் ஒரு தனி வெதுவெதுப்போடு இருக்கும். ஆனாலும் ஒட்டவில்லை.

இருப்பதிலேயே பெரிய ஆசை எல்ஈடி பல்பு. பழைய பல்பைக் கழற்றி இதை மாட்டு, ஐந்து நிமிடம், நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம், புதுக் கார் மாதிரி. என் கார் விளக்கில் இருப்பது எச்4 ஹாலஜன். ஹை பீமுக்கு 60 வாட், லோ பீமுக்கு 55. அதற்குள் இரண்டு இழைகள். லோ பீம் இழைக்கு அடியில் ஒரு குட்டி உலோகக் கிண்ணம் இருக்கிறது. அது கீழ்நோக்கிப் போகும் வெளிச்சத்தை மறைப்பதால், ரிஃப்ளெக்டரின் மேல்பாதி மட்டும் வேலை செய்து, வெளிச்சத்தைச் சாலையை நோக்கி இறக்குகிறது. எதிரே வருபவர் கண்ணுக்குக் கீழே ஒரு கோடு போட்டு வெட்டியதுபோல வெளிச்சம் நிற்பது இதனால்தான். ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் அந்த இழை இருக்கும் இடத்தை, மில்லிமீட்டர் கணக்கில், நம்பி வடிவமைத்தது. அங்கே இரண்டு பக்கமும் சில்லு ஒட்டிய ஒரு எல்ஈடி தண்டை வைத்தால், வெளிச்சம் பிறக்கும் இடமும் அளவும் மாறுகிறது. கோடு கலைந்து வெளிச்சம் மேலே சிதறுகிறது. ஓட்டுபவருக்கு முன்னால் பளீரென்று இருப்பதால் நன்றாகத் தெரிவதுபோலத் தோன்றும். தூரத்தில் போய்ச் சேர வேண்டிய வெளிச்சம் குறைந்திருக்கும். எதிரே வருபவருக்குக் கண் கூசி இரண்டு நொடி குருடு. குறிப்பிட்ட கார் மாடல்களுக்கென்று சோதித்து ஒப்புதல் தந்த எல்ஈடி பல்புகள் சில நாடுகளில் இருக்கின்றன. அந்தப் பட்டியலில் உங்கள் கார் இருந்தால் அது வேறு கதை.

உங்கள் விளக்கின் மூடியை உற்றுப் பாருங்கள். ஐரோப்பிய விதிப்படி செய்ததாக இருந்தால் ஒரு வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். 1 என்றால் ஒப்புதல் தந்த நாடு ஜெர்மனி, 2 என்றால் பிரான்ஸ். பக்கத்தில் 'எச்சிஆர்' என்றிருந்தால் ஹாலஜனில் லோ பீம், ஹை பீம் இரண்டுக்கும் ஒப்புதல் பெற்றது என்று பொருள். இத்தனை வருடம் தினமும் துடைத்த மூடியில் இப்படி ஒரு ஜாதகம் எழுதியிருப்பதை நான் உப்புத்தாளோடு உட்கார்ந்த அன்றுதான் படித்தேன். அந்த ஒப்புதல் அந்தப் பல்புக்கும் அந்த ரிஃப்ளெக்டருக்கும் சேர்த்துத் தந்தது. பெசலைத் தொட்டவன் ரிஃப்ளெக்டரைத் தொடாமல் விட்டதற்கு இதுதான் காரணம். பெசல் விஷயத்திலும் உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள்.

மூடும்போது பழைய பசையை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, புது பியூட்டைல் கயிற்றை வாய்க்கால் முழுக்க, முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வைத்து, மறுபடி சூடாக்கி அழுத்திப் பிடித்தேன். பின்னால் காற்று போகவர ஒரு சின்னத் துவாரம் இருக்கும். தண்ணீர் அதன் வழியாகத்தான் போகிறது என்று நினைத்து அதை அடைப்பவர்கள் உண்டு. அடைத்தால் உள்ளே மாட்டிய ஈரம் வெளியேற வழியில்லாமல் காலங்காலமாகப் பனியாகப் படியும்.

கழற்றி மாட்டிய விளக்கு பழைய கோணத்தில் உட்காராது. மட்டமான தரையில், டயர்களில் சரியான காற்றோடு, ஓட்டுநர் இருக்கையில் மருமகனை உட்காரவைத்து, சுவருக்கு 10 மீட்டர் தள்ளிக் காரை நிறுத்தினேன். பல காரில் விளக்கின் மேலேயோ பக்கத்திலோ, வெளிச்சம் இறங்க வேண்டிய அளவு 1 சதவீதம் என்று எழுதியிருக்கும். என் காரிலும் அதுதான். 10 மீட்டரில் ஒரு சதவீதம் என்றால் 10 சென்டிமீட்டர். விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, சுவரில் அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே ஒரு டேப் ஒட்டி, வெளிச்சத்தின் வெட்டுக்கோடு அதில் வந்து உட்காரும்வரை பின்னாலிருக்கும் திருகைத் திருகினேன். இடது விளக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்படியே ஓட்டியிருந்தால், எதிரே வருகிறவர்களிடம் வாங்கிக்கட்டிக் கொண்டிருப்பேன்.

இரண்டு கோடும் ஒரே மட்டத்துக்கு வந்ததும் மருமகன் இறங்கி வந்து முன்னால் குனிந்து பார்த்தான். கறுப்புப் பெசல், நடுவில் வெள்ளை வளையம், மூடி தண்ணீர் மாதிரி. நன்றாகத்தான் இருந்தது. அவன் இன்னும் கிட்டே போனான்.

"மாமா, இடது பக்கம் உள்ளே ஒரு முடி இருக்கு."

இருந்தது. வளைய வெளிச்சத்தில், மூடியின் உள்பக்கம், ஒரு விரல் நீளத்துக்கு. நரைத்திருந்ததால் யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. அடுப்பைப் பரணில் ஏற்றியாகிவிட்டது.